மாலை போட்ட மனம்

(தருமபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தன்னடக்கம் பற்றி உளவியலும் சமயமும் என்ன சொல்கின்றன என்று பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புலன்களை அடக்குங்கள், மனம் வைத்தால் முடியாதது இல்லை என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. சமய நூல்களை நிதானமாகப் படித்தாலும், கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளின் ஆய்வுகளைப் படித்தாலும் நான் காண்பது வேறு. ஆசை வந்து வாசலில் நின்ற பிறகு அதனோடு மல்லுக்கட்டி வென்றவர்கள் மிகச் சிலர். அது வருமுன்பே, நாலு பேரோடு சேர்ந்து, ஓர் ஏற்பாடு செய்துகொண்டவர்களே பெரும்பாலும் தப்பியிருக்கிறார்கள். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

இதைப் பேசத் தருமபுரி, அன்றைய தகடூர், பொருத்தமான ஊர். தகடூர் என்றதும் அதியமான் நெடுமான் அஞ்சி, அவன் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. அது எல்லாருக்கும் தெரியும். அதே ஔவை, அதியமான் இறந்தபின் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே கள் வருகிறது. குறைவாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் கூட உண்டு மகிழ்வானே, அவன் போய்விட்டானே என்று அழுகிறார். நெல்லிக்கனியை மேடைதோறும் சொல்லும் நாம் இந்தக் கள்ளைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். ஏனென்றால் அதியமானின் அடக்கம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. கள் குறைவாக இருக்கும்போது அவன் கை பின்வாங்குகிறது. வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து குடிக்கும் காட்சியே அந்தப் பாட்டில் இல்லை.

வள்ளுவர் காலத்துக்கு வந்தால் கள்ளின் மதிப்பு மாறிவிடுகிறது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம், 93ஆவது. அதை அவர் வைத்த இடத்தைப் பாருங்கள். அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை, அவா அறுத்தல் எல்லாம் அறத்துப்பாலில் இருக்கின்றன. கள்ளுண்ணாமையும் சூதும் பொருட்பாலில். அரசு, அமைச்சு, நட்பு, பகை பேசும் இடத்தில் குடியைப் பேசுகிறார். ஒருவன் குடிப்பது அவன் மனசாட்சிக்கும் அவனுக்கும் இடையிலான தனி விவகாரம் என்று அவர் நினைத்திருந்தால் அதை அறத்துப்பாலிலேயே முடித்திருப்பார்.

அடக்கமுடைமை அதிகாரத்தில் ஆமை வருகிறது. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் ஆமை வருகிறது. புலன்களை உள்ளிழுத்துக்கொள்வதற்கு இரண்டு நூல்களும் ஒரே பிராணியைக் காட்டுகின்றன. படித்தவர்கள் எல்லாரும் அதில் ஆமையின் மன உறுதியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஆமையின் ஓடுதான் தெரிகிறது. நாய் வந்த பிறகு ஆமை ஓடு கட்டத் தொடங்குவதில்லை.

ஓடு கட்டும் வித்தையை நம் மண்ணில் முறையாக வகுத்தவர்கள் சமணர்கள். தகடூரில் அவர்களுக்கு வேர் உண்டு. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893இல், நிதியண்ணா, சந்தியண்ணா என்ற இரு வணிகர்கள் தகடூரில் சமணப் பள்ளி கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. துறவிகளுக்கு ஐந்து மாவிரதங்கள். இல்லறத்தாருக்கு அதே ஐந்தும் அளவு குறைத்து அணுவிரதங்கள். அதற்கு மேல் துணை விரதங்கள் சில: இந்தத் திசையில் இவ்வளவு தூரத்துக்கு மேல் போகமாட்டேன் என்பது ஒன்று, இன்று இன்னின்ன பொருள்களை மட்டுமே பயன்படுத்துவேன் என்று வரையறுத்துக்கொள்வது மற்றொன்று. பசி வருமுன்பே எல்லை போட்டாகிவிட்டது. இசுலாமியருக்கு ரமலான் நோன்பில் வைகறையும் அந்தியும் எல்லைகள். கிறித்தவருக்குத் தவக்காலத்து நாற்பது நாள். ஒவ்வொன்றிலும் எல்லை தெளிவு. ஊரே சேர்ந்து செய்கிறது. ஒருவர் தனியாக, திடீரென்று, எந்த ஏற்பாடும் இல்லாமல் "இனிமேல் தொடமாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வதைச் சமயங்கள் பொதுவழியாக வகுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அது சினிமாவில்தான் இருக்கிறது.

இனி உளவியல். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்திய சோதனையை மாணவர்கள் அறிவீர்கள். குழந்தையின் முன் ஓர் இனிப்பு. நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போகிறார். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று செய்தி பரவியது. நம் ஊர்த் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். பிறகு நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது தொடர்பு மெலிந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி மறைந்தது.

அதற்குமுன் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளிடம் செய்த சின்னச் சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதலில் குழந்தைகளிடம் நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் "மன்னித்துக்கொள், இல்லை" என்று கை விரித்தார்கள். பிறகுதான் இனிப்புச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன; ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். இந்தப் பிள்ளைகளுக்கு அடக்கம் குறைவா, அறிவு அதிகமா?

பாலக்கோட்டுத் தக்காளி விவசாயியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பழுத்த தக்காளியை வைத்துக்கொண்டு நாளை விலை ஏறும் என்று பொறுத்தவன் அதைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறான். அவன் தாத்தா கேழ்வரகு விளைவித்தார். கேழ்வரகு ஆண்டுக் கணக்கில் கெடாது. பொறுமைக்குப் பலன் இருந்தது. பேரனைவிடத் தாத்தா ஒழுக்கசாலி என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. நாளை என்பது வரும், வந்தால் சொன்னபடி வரும் என்று நம்ப இடமிருக்கிறவனால்தான் இன்றை விட்டுக்கொடுக்க முடியும். வானம் பார்த்த நிலத்தில், போர்வெல் வற்றி, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிற மாவட்டத்தில் அடக்கம் போதிக்க வருகிறவர்கள் முதலில் இதை எண்ண வேண்டும்.

மன உறுதி என்பது செலவானால் தீரும் சரக்கு என்றொரு கொள்கை. 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் முன்வைத்தது. பசித்த மாணவர்களுக்கு முன்னால் சாக்லேட் பிஸ்கட்டையும் முள்ளங்கியையும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். பிறகு தீர்வே இல்லாத புதிரைக் கொடுத்தபோது முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள், மற்றவர்கள் 19 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். இந்தக் கொள்கை உலகெங்கும் பரவியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில், 2,000க்கும் மேற்பட்டோரிடம் இந்தக் கொள்கையைச் சோதித்தன. விளைவு ஏறக்குறைய சுழியம். இதற்கு அடுத்த ஆண்டு, கிருஷ்ண சவானியும் வெரோனிகா யோபும் இந்தியர்களிடம் எதிர்மாறானதையே கண்டார்கள். ஒரு கடினமான அடக்கச் செயலைச் செய்து முடித்தவர்கள் அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்தார்கள். நோன்பிருந்தால் சக்தி கூடும் என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், உழைத்தால் மனம் களைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கும் மனம் ஒரே மாதிரி இயங்குவதில்லை போலிருக்கிறது. இதை வைத்து நம் பண்பாடே உயர்ந்தது என்று யாரும் கைதட்ட வேண்டாம். மன உறுதி எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடிய சரக்கு இல்லை என்பதுதான் இங்கே பாடம்.

அப்படியானால் அடக்கம் மிக்கவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 205 பேரிடம் ஒரு வாரம் கைக்கருவி ஒன்றைக் கொடுத்து, அவ்வப்போது மணியடித்து, இப்போது என்ன ஆசை, அதோடு போராடுகிறீர்களா என்று கேட்டார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளியானது. அடக்கம் மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் போராடுகிறவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். அவர்கள்தான் மிகக் குறைவாகப் போராடினார்கள். அந்த நிலைக்கே போகாதபடி அவர்கள் வாழ்க்கை அமைந்திருந்தது. சமணர் திசைக்கு எல்லை போட்டது ஏன் என்பதற்கு ஜெர்மனியிலிருந்து வந்த உரை இது.

நம் கண்முன் இதைவிடப் பெரிய சோதனை ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்கவில்லை. கார்த்திகை முதல் நாள் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூருக்குப் பெண்கள் செவ்வாடை உடுத்து மாலை போடுகிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்பு கட்டுகிறார்கள். ஐப்பசி கடைசி நாள் வரை குடியை "என்னால விட முடியலீங்க" என்று சொன்னவர், மறுநாள் காலையிலிருந்து 41 நாள் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? சாமிக்குப் பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பயம் இருக்கலாம். ஆனால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

விடியுமுன் குளியல். கறுப்போ நீலமோ உடை, தூரத்திலிருந்தே தெரியும். செருப்பில்லை, சவரமில்லை, பாய்ப் படுக்கை. பெயர் போய்விடுகிறது. மனைவியும் பிள்ளைகளும் டீக்கடைக்காரரும் "சாமி" என்கிறார்கள். அவரும் எல்லாரையும் "சாமி" என்கிறார். வழக்கமாக மதுக்கடைக்குப் போகும் அந்தி வேளையில் பஜனை. கேட்க குருசாமி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், பழைய கூட்டாளி "ஒரு கட்டிங் போடலாம் வா" என்று கூப்பிடுவதே இல்லை. இவர் மறுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கழுத்திலிருக்கும் துளசிமணி அவருக்காக மறுத்துவிடுகிறது. ஜார்ஜ் எயின்ஸ்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒன்றைச் சொல்கிறார்: அருகிலிருக்கும் சிறு இன்பம் தொலைவிலிருக்கும் பெரு நன்மையை மறைத்துவிடும், தெளிவான கோடு போட்டுவைத்தவன் தப்புவான், "கொஞ்சம்" என்று தொடங்குகிறவன் தப்பமாட்டான். குருசாமிகள் எயின்ஸ்லியைப் படித்ததில்லை. சமயத்துக்கும் தன்னடக்கத்துக்கும் உள்ள தொடர்பை மைக்கேல் மெக்கல்லோவும் பிரையன் வில்லோபியும் 2009இல் விரிவாக ஆராய்ந்தபோது, தன்னைத் தானே கண்காணிக்கும் பழக்கத்தையும் பிறர் கண்காணிப்பையும் சமயம் தருவதை முக்கியமாகச் சொன்னார்கள்.

அதனால்தான் மாலையைக் கழற்றியதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். பம்பையிலிருந்து வரும் வழியிலேயே மதுக்கடை முன் வேன் நிற்கிறது என்று கேலி செய்கிறோம். கேலியில் ஒரு தவறு இருக்கிறது. அந்த 41 நாளும் வேஷம் என்று அது சொல்கிறது. வேஷமில்லை, ஏற்பாடு இருந்தது, மனம் நின்றது, ஏற்பாட்டைப் பிரித்தார்கள், மனம் சரிந்தது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை 1970களின் தொடக்கத்தில் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் இருபதில் ஒருவர் அளவே. அவர்கள் அந்த இடத்தைவிட்டு, அந்தக் கூட்டாளிகளைவிட்டு வந்துவிட்டார்கள். நம் சாமியோ அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே ஆறு மணிக்குத் திரும்புகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை மட்டுமாவது வீட்டில் சொல்லுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், பிதற்றுவார். அதைச் சாமி வந்துவிட்டது என்றோ, விரதம் பொய்த்த தண்டனை என்றோ வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாலை போடுமுன் மருத்துவரைப் பார்ப்பது பக்திக்குக் குறைவில்லை. குடிநோய் மூளையையும் உடலையும் பிடிக்கிற நோய். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் முதல் படியே, மதுவின் முன் நான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்வது. மன உறுதியைப் புகழ்கிறவர்களுக்கு அது அவமானமாகத் தெரியும். ஒப்புக்கொண்டவர்கள் வாரந்தோறும் கூடி உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்.

அது தொடங்கி இரண்டே ஆண்டில், இந்த மண்ணில் வேறொரு முயற்சி. 1937 அக்டோபர் 1ஆம் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அப்போது தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் மாவட்டம்தான். நாம் தனி மாவட்டமானது 1965இல். இராஜாஜி அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் உதவியாசிரியர். பிரசாரம் செய்து பார்த்தவர், ஆட்சி கைக்கு வந்ததும் குடிகாரருக்கு உபதேசிப்பதை விட்டு, கடையை எடுத்தார். குடியால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி போட்டார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது, விடுதலைக்குப் பின் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மறுபடி, 1981இல் கள்ளும் சாராயமும் திரும்பின, 1983இல் அரசின் மது வணிக நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. 1937இல் வருமானம் போகட்டும் என்று கடையை மூடிய அதே அரசு, இன்று கடை திறந்துவைத்து, சீசாவில் எச்சரிக்கை வாசகத்தோடு விற்கிறது. அடக்கத்தைக் குடிக்கிறவனிடம் விட்டாயிற்று, வருமானத்தைத் தான் எடுத்துக்கொண்டாயிற்று.

முழு மதுவிலக்கே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் கடையை மூடியபோதெல்லாம் காட்டில் ஊறல் பொங்கியிருக்கிறது. மதுக்கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நான் கேட்பது சிறியது: கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, சம்பளம் வாங்கிய கை வீடு போகும் வழியில் அது நிற்கிறதா? உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலையோரக் கடைகள் மூடப்பட்டு ஊருக்குள் நகர்ந்தபோது, தமிழ்நாடு முழுவதும் பெண்கள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். அந்தப் பெண்களுக்கு வூர்ஸ்பர்க் ஆய்வு தெரியாது. கடை தெருமுனைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது தெரியும்.

இன்னொன்றைச் சொல்லாமல் தருமபுரியில் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. குடியை அடக்கு என்று எல்லாரும் சொல்கிறோம்; சினத்தை அடக்கு என்று கும்பலிடம் யாரும் சொல்வதில்லை. 2012 நவம்பர் 7ஆம் நாள், ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக்கி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியலின மக்களின் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அன்று எரித்தவர்களில் மாலை போடுகிறவர்கள், விரதம் இருக்கிறவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? வலியவனிடம் கோபத்தை விழுங்குவது பிழைக்கும் தந்திரம். எளியவன் மேல் கோபம் பலிக்கும்போது அதைத் தடுப்பவனே சினம் காத்தவன் என்பது வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் தரும் கருத்து. அடக்கம் என்ற அறத்தை நாம் நெடுங்காலம் பெண்களிடமும் கூலிக்காரர்களிடமும் சேரியிலுமே வசூலித்து வந்திருக்கிறோம். அதிகாரம் உள்ளவர்கள் அடங்கியதாகச் சரித்திரம் அதிகம் இல்லை. அதியமானைப் பாடியிருப்பதும் அதனால்தான் போலும்.

இந்த அரங்கில் குருசாமிகள் சிலர் இருப்பதாக அறிகிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து விடைபெறுகிறேன். உங்களிடம் மாலை போட்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பஜனை மடம் இருக்கிறது, அவர்கள் உங்கள் சொல்லைக் கேட்கிறார்கள். இவ்வளவும் மகரவிளக்கோடு கலைந்துவிடுகிறது. மாலை கழற்றிய அடுத்த வாரத்திலிருந்து, வாரம் ஒருநாள், அதே அந்தி வேளையில், அதே இடத்தில் அவர்களைக் கூட்டுங்கள். வராதவர் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். தடுமாறி விழுந்தவரைத் திட்டாமல் உட்காரவையுங்கள். நடுங்குகிறவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வரும் தை மாதத்தில் ஒரே ஓர் ஊரிலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள்.